எடுக்க ஆள் வராத செருப்பு

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வழக்கம்போல கரண்ட் போய், கூட்டம் கலைந்து, வேன்களும் புறப்பட்டுப் போயிருந்தன. நான் வாசல் மேசையில் உட்கார்ந்து, மீந்துபோன காராச்சேவைத் தின்றுகொண்டிருந்தேன். காலையிலிருந்து நின்றே கிடந்ததில் கால் கடுத்தது. உள்ளே சார்ஜர் லைட்டைப் பிடித்துக்கொண்டு ஜன்னல்களைச் சாத்தி வந்த பஞ்சவர்ணம் பாதியில் நின்றுவிட்டாள்.

“யக்கா, ஒரு சோடி செருப்பு கெடக்கு.”

எவளாவது மறந்திருப்பாள், ஓரமாகத் தள்ளிவிட்டுப் பூட்டு என்றேன். அவள் நகரவில்லை.

“செருப்ப மறந்துட்டு வெறுங்காலோட யாருக்கா வேன் ஏறுவா? ஆளு உள்ள இருக்கு.”

பஞ்சவர்ணம் எங்கள் அருங்காட்சியகத்தைக் கூட்டிப் பெருக்கிப் பூட்டுகிறவள். அதற்கு முன் பல வருடம் பட்டாசு வேலை பார்த்தவள். பேயைப் பார்த்தால்கூட ‘தள்ளி நில்லு, பெருக்கணும்’ என்று சொல்லக்கூடிய ஆள். அப்படிப்பட்டவள் பூட்டை அப்படியே போட்டுவிட்டு லைட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

பிறகு தேடினாள் பாருங்கள்! கழிப்பறை, பழைய சாக்கு அறை, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சந்து. பின்கட்டுக் கிணற்றின் கம்பி வலையைக்கூடத் தூக்கிப் பார்த்துவிட்டாள். பெயர் தெரியாத ஆளை எப்படிக் கூப்பிடுவது? “யாரு தாயி உள்ள, வந்துரு தாயி” என்று ஒவ்வொரு இருட்டுக்குள்ளும் சொல்லிக்கொண்டே போனாள். எனக்கு எரிச்சலாக வந்தது. உனக்குக் கிறுக்கா பிடித்திருக்கிறது, வீட்டுக்குப் போகிற நேரத்தில் உயிரை வாங்குகிறாயே என்று திட்டிக்கொண்டே நானும் பின்னால் போனேன். சும்மா சொல்லக்கூடாது, நானும் ஒவ்வொரு மூலையையும் குனிந்து பார்க்கத்தான் செய்தேன்.

கரண்ட் வந்தது. அப்போதுதான் சுவரோரத்தைப் பார்த்தேன். அங்கே எப்போதும் இருக்கும் நீல வார் செருப்பு இல்லை. அது எங்கள் காட்சிப் பொருள். மகேஸ்வரி என்கிற, இறந்துபோன ஒரு பெண்ணின் செருப்பு. வந்த கூட்டத்தில் யாரோ ஒருத்தி இருட்டில் தன்னுடையது என்று நினைத்து அதை மாட்டிக்கொண்டு, தன் செருப்பை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

உள்ளே ஆள் இல்லை என்று தெரிந்ததும் பஞ்சவர்ணம் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அழக்கூடத் தோன்றவில்லை. அடுத்த ஞாயிறு மகேஸ்வரியின் அம்மா வருவாளே, அவளிடம் என்ன சொல்வேன் என்பது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

வத்தல் கிட்டங்கி

இந்தத் தொடரில் சென்ற வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: அருங்காட்சியகம், அருங்காட்சியகம் என்று வாய் நிறையச் சொல்கிறீர்களே, அது மூட்டை அடுக்குகிற பழைய மிளகாய்க் கிட்டங்கிதானே? ஆமாம் ஐயா, மிளகாய்க் கிட்டங்கிதான். விருதுநகரில் எதைத் தொட்டாலும் ஒரு காலத்தில் கிட்டங்கியாகத்தான் இருந்திருக்கும்.

வத்தல் மூட்டைகள் போய் எத்தனையோ காலம் ஆகியும் சுவர் அந்தக் காரத்தை விடவில்லை. வெயில் ஏறினால் போதும், தரையிலிருந்து நெடி கிளம்பும். வருகிறவர்கள் முதலில் தும்முவார்கள், பிறகு கண்ணைத் துடைப்பார்கள், அப்புறம்தான் எதையும் பார்ப்பார்கள். எங்கள் இடத்தில் யார் அழுகிறார்கள், யாருக்கு நெடி என்று கண்டுபிடிக்க முடியாது.

ஊர் வியாபாரிகள் சிலர் சேர்ந்து ஒரு டிரஸ்ட் வைத்து நடத்தினார்கள். நான் பொறுப்பாளர். என் தகுதி, வரலாறு படித்திருந்தேன், வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு சும்மா இருந்தேன். அவ்வளவுதான். பெரிய மூட்டைத் தராசு, எண்ணெய் டின் அச்சு, லேபிள் அடிக்கிற கல், காளியம்மன் படம் போட்ட பழைய காலண்டர், ஒரு அலமாரி நிறையத் தீப்பெட்டி ஒட்டுப்படங்கள் என்று சேர்த்து வைத்திருந்தோம். உதவி கேட்டுச் சூலக்கரையில் இருக்கிற அரசாங்க ஆபீசுகளுக்கு நடையாய் நடந்தபோது, சிலை ஏதும் இல்லையா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். சிலை இல்லை, செக்கு இருக்கிறது என்றேன். ஃபைல் அங்கேயே தங்கிவிட்டது.

மாதத்தில் ஒரு ஞாயிறு ‘ஊர்ப் பொருள் நாள்’ நடத்துவோம். வீட்டில் இருக்கிற பழைய சாமானை எடுத்துக்கொண்டு வந்து, அதைப் பற்றிப் பேச வேண்டும். ஓடாத ரேடியோக்கள் வரும். உடைந்த தையல் மிஷின் வரும். ஒரு எண்ணெய்க் கடை முதலாளி ஒவ்வொரு முறையும் தன் போட்டோவையே சட்டம் போட்டுக் கொண்டுவந்து தருவார். வேண்டாம் என்று சொல்ல முடியுமா? தராசுக்குப் பின்னால் சாத்தி வைப்பேன்.

பட்டாசு வேலை பார்க்கிற பெண்கள் வந்தால் அந்த நாளே வேறு. வெடிக்குக் காகிதம் சுற்றுவதை, திரி வைப்பதை, வெறும் கையால் செய்து காட்டுவார்கள். டவுன் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறையும். அந்த ஞாயிறும் அப்படித்தான் ஆரம்பித்தது.

வாசலில் கழற்றிவிட்டு

இந்தப் பக்கத்தில் பட்டாசு ஆலையை யாரும் ஆலை என்பதில்லை. பயர் ஆபீஸ். எங்கே தாயி போகிறாய் என்றால் ஆபீசுக்கு என்பாள், கையில் தூக்குச்சட்டியோடு. வெளியூர்க்காரர்கள் குழம்பிப்போவார்கள்.

அந்த ஆபீசில் வேலை நடக்கிற சின்னச் சின்னக் கட்டடங்கள் தள்ளித் தள்ளி இருக்கும். ஒவ்வொன்றையும் ரூம் என்பார்கள். வெடிமருந்து இருக்கிற ரூமுக்குள் செருப்போடு போகக்கூடாது. ஒரு சின்ன உரசல் போதும். அதனால் எல்லோரும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். பார்க்கக் கோயில் வாசல் மாதிரி இருக்கும்.

எங்கள் கிட்டங்கியின் பின்பகுதியில் அப்படி ஒரு ரூமை நிஜ அளவில் கட்டி வைத்தோம். எதிரும் புதிருமாக வாசல்கள், நடுவில் மரச்சட்டங்கள், காலி டப்பாக்கள். மருந்து ஒரு பொட்டுக்கூடக் கிடையாது. டவுன்காரர்கள் ஷூவோடு உள்ளே போய் வருவார்கள். சிவகாசிப் பக்கத்து ஆட்கள் மட்டும் படியில் செருப்பைக் கழற்றுவார்கள். இது வெறும் பொம்மை ரூம், அப்படியே வாருங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்க மாட்டார்கள். “கால் போக மாட்டேங்குதும்மா” என்று ஒருத்தி சிரித்தாள்.

விபத்து நடந்தால் எல்லோரும் வெறுங்காலோடு சிதறி ஓடுவார்கள். புகை அடங்கிய பிறகு திரும்பி வந்து அவரவர் செருப்பை எடுத்துக்கொள்வார்கள். கடைசியில் எடுக்க ஆள் வராமல் சில சோடிகள் கிடக்கும். அந்தச் செருப்புகளை வைத்துத்தான் உள்ளே இருந்தது யார் என்று முதலில் தெரியும். பஞ்சவர்ணம் வேலையை விட்டதே அப்படி ஒரு சாயங்காலத்தைப் பார்த்த பிறகுதான். அதை அவள் என்னிடம் சொன்னது அந்த ஞாயிற்றுக்கிழமை, தரையில் உட்கார்ந்து அழுதபோதுதான்.

சுப்புத்தாய் கொண்டுவந்த பை

மகேஸ்வரியின் அம்மா சுப்புத்தாய், சிவகாசிப் பக்கத்து எம். புதுப்பட்டிக்காரி. சில வருடங்களுக்கு முன் ஒரு ஊர்ப் பொருள் நாளில், கடைசி ஆளாக மஞ்சள் பையோடு வந்து நின்றாள். பைக்குள்ளிருந்து ஒரு சோடி ரப்பர் செருப்பை எடுத்துத் தரையில் வைத்தாள். நீல வார். இடது காலில் வார் பிய்ந்து, ஊக்கு போட்டுப் பிடித்திருந்தது. ஊக்கைக் குத்தியது மகேஸ்வரிதானாம். தீபாவளி சீசன் முடியட்டும், புதுசு வாங்கிக்கிடுறேன் என்றாளாம்.

சீசன் முடிவதற்குள் ரூம் வெடித்துவிட்டது. கல்யாணத்துக்குப் பேசி வைத்திருந்த பெண். உடம்பு என்று துணியில் சுற்றிக் கொடுத்ததைப் பிரித்துப் பார்க்க விடவில்லை. முழுசாகத் திரும்பி வந்தது அந்தச் செருப்பு மட்டும்தான்.

வீட்டில் வைத்திருந்தாள். இப்போது மகனுக்குப் பெண் கொடுக்க ஆனைக்குட்டத்திலிருந்து வீடு பார்க்க வருகிறார்களாம். செத்தவள் செருப்பு வீட்டில் கிடக்கலாமா, கண்மாயில் தூக்கிப் போடு என்று சொந்தக்காரர்கள் நச்சரித்தார்களாம்.

“தூரப் போட மனசு வரல தாயி. இங்கன அதுக்கு ஒரு எடம் குடுப்பீகளா?” என்றாள்.

கொடுக்கிறேன் என்றேன். கண்ணாடிப் பெட்டி ஒன்று செய்யச் சொல்லலாம் என்று நினைத்தேன். வேண்டவே வேண்டாம் என்றுவிட்டாள். பெட்டிக்குள் போட்டால் மூச்சு முட்டும், அந்தப் பொம்மை ரூம் வாசலில், தரையில், மகள் எப்படிக் கழற்றிப் போட்டாளோ அப்படியே கிடக்கட்டும் என்றாள். செருப்புக்கு ஏது மூச்சு என்று நான் கேட்கவில்லை. கேட்கிற முகமாக அது இல்லை.

டிரஸ்ட் செயலாளர் அண்ணாச்சி குதித்தார். காளியம்மன் படம் இருக்கிற இடத்தில் செருப்பா என்றார். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. மகேஸ்வரி வேலை பார்த்த ஆபீஸின் முதலாளி அவருக்குச் சம்பந்தி முறை. ஆள் பார்த்தால் மனசு சங்கடப்படுமே அம்மா என்றார். யார் மனசு அண்ணாச்சி என்று கேட்டேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே போய்விட்டார், நெடியாகவும் இருக்கலாம். கடைசியில், கீழே மகேஸ்வரியின் பெயர் மட்டும் இருக்கட்டும், ஆபீஸ் பெயர் வேண்டாம் என்று முடிவானது. சுவரில் ஒரு சின்ன அட்டை ஒட்டினேன்.

அதன்பிறகு சுப்புத்தாய் மாதம் ஒரு ஞாயிறு தவறாமல் வருவாள். டவுனில் வேறு வேலை இருந்த மாதிரியே வருவாள். ரூம் படியில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் செருப்பின் தூசியைத் துடைத்து, மறுபடி சுவரோரம் வைப்பாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, வரட்டுமா தாயி என்பாள். என்னிடம் சொல்கிறாளா, மகளிடம் சொல்கிறாளா என்று தெரியாது. இரண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் சரி என்பேன்.

இந்தத் தடவை ஊர்ப் பொருள் நாளுக்குப் பெண்களை அனுப்பியது அதே ஆபீஸ். அண்ணாச்சி ஏற்பாடு. சீசன் இல்லாத நேரம், லீவு நாள், வேன் நிறைய வந்தார்கள். எல்லோரும் படியில் கழற்றிவிட்டு ரூமுக்குள் போய்ப் பேசிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. டிரைவர் ஹாரன் அடித்தான். நெடியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, காலால் துழாவி ஆளுக்கொரு சோடியை மாட்டிக்கொண்டு ஓடினார்கள். சுப்புத்தாய் மட்டும் அன்றைக்கு வரவில்லை. அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

எம். புதுப்பட்டிக்கு

அதே மாதிரி நீல வார் செருப்பு ஒன்று வாங்கி ஊக்கு குத்தி வைத்துவிடுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்றார் அண்ணாச்சி. அவர் கெட்டவர் இல்லை. நிஜமாகவே உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில், அண்ணாச்சி, உங்கள் வீட்டுப் பிள்ளை செருப்பாக இருந்தால் உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டுவிட்டேன். அதன் பிறகு ரொம்ப நாள் அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஞாயிறு வரை காத்திருக்க முடியாமல் வாரத்தின் நடுவில் பஸ் ஏறினேன். விட்டுப்போன செருப்பையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டேன். அதுவும் நீல வார்தான், கொஞ்சம் புதுசு. வழியெல்லாம் சீமைக்கருவேல், வெயில், சுவரில் வரிசையாகப் பட்டாசு விளம்பரம். சிவகாசியில் மினி பஸ் மாறி இறங்கியபோது நாக்கு வறண்டுவிட்டது.

சுப்புத்தாய் வாசலில் தீப்பெட்டிக் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, “வாங்க தாயி, இம்புட்டு தூரம் வந்துருக்கீக, சாப்ட்டீகளா” என்றாள். மருமகள் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் குடிக்காமலே நடந்ததைச் சொல்லிவிட்டேன். குடித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

அவள் கத்தவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒரு குச்சியை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, எந்த ஆபீஸ் வேன் என்று கேட்டாள். சொன்னேன். அந்த ஆபீஸ் இருக்கிற ரோட்டில் அவள் விபத்துக்குப் பிறகு கால் வைத்ததில்லை. ரேஷன் கடைக்குக்கூடக் கண்மாய்க் கரை வழியாகச் சுற்றித்தான் போவாளாம், மருமகள் பிறகு சொன்னாள்.

“எடுத்தவ அதத்தான் போட்டுட்டு வேலைக்கு வந்திருப்பா. அஞ்சு மணிக்கு ஆபீசு விடுவாக. வாங்க, போவோம்,” என்றாள்.

கேட்டில்

கேட்டுக்கு எதிரே ஒரு வேப்பமரம். நிழல் என்று சொல்லிக்கொள்கிற அளவுக்கு நிழல் இல்லை. வாட்ச்மேன் எங்களைப் பார்த்து எழுந்தவர், சுப்புத்தாயை அடையாளம் தெரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார். கேட்டுக்குள் தூரத்தில் வெள்ளை ரூம்கள் தெரிந்தன. வாசலில் கிடக்கும் செருப்புகள் இங்கிருந்து தெரியாது. சுப்புத்தாய் என்னவோ அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு எங்கே நின்றீர்கள் என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. இங்கனதான், இந்த மரத்தடியில்தான் என்றாள். வெளியே வந்த பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாளாம். இவள் இல்லை, இவள் இல்லை என்று கழித்துக்கொண்டே இருந்தாளாம். இருட்டிய பிறகு வாட்ச்மேன் வந்து செருப்பைக் கொடுத்தாராம்.

அஞ்சு மணிக்குச் சங்கு ஊதியது. பெண்கள் வர ஆரம்பித்தார்கள். கையெல்லாம் மருந்தின் வெள்ளி நிறம், தூக்குச்சட்டி, தலையில் துண்டு, ஒரே பேச்சு. சுப்புத்தாய் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தரையை மட்டும் பார்த்தாள்.

நான்தான் முதலில் பார்த்தேன் என்று நினைத்தேன். இடது காலில் ஊக்கு வெயிலில் மின்னியது. போட்டிருந்தவளுக்கு இருபது, இருபத்தொரு வயசு இருக்கும். எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு, பக்கத்தில் வந்தவளின் தோளைத் தள்ளிவிட்டு வந்தாள். என் கையில் அவளுடைய செருப்பு இருக்கிறது. ரெண்டு எட்டு எடுத்து வைத்தால் மாற்றிவிடலாம். நான் நகர்ந்ததும் சுப்புத்தாய் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். அப்படி ஒரு பிடி.

“விடுங்க தாயி, கேக்காதீக.”

உங்கள் மகள் செருப்பு, இதோ போகிறதே என்றேன்.

“அன்னைக்கு வாட்ச்மேனு கையில தூக்கிட்டு வந்து குடுத்தாரு. இன்னைக்கு நடந்து வருது பாருங்க.”

அந்தப் பெண் எங்களைத் தாண்டிப் போனாள். செருப்பு பின்னங்காலில் அடிக்கிற சத்தம் கொஞ்ச தூரம் வரை கேட்டது. சுப்புத்தாய் அந்தச் சத்தத்தோடு கூடவே தலையைத் திருப்பினாள். அவள் அழுததை அன்றைக்குத்தான் நான் நிச்சயமாகத் தெரிந்துகொண்டேன், அங்கே மிளகாய் நெடி இல்லை. நானும் ரோடு என்று பார்க்காமல் அழுதேன்.

பிறகு அவள் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். இது அந்தப் பிள்ளையுடையது, விசாரித்துக் கொடுத்துக்கொள்கிறேன், அவள் போட்டிருப்பது யாருடையது என்று மட்டும் மூச்சுவிட மாட்டேன் என்றாள். நான், இதையாவது அந்த இடத்தில் வைக்கலாமே என்று முட்டாள்தனமாக ஒன்று சொன்னேன்.

“உசுரோட இருக்கவ செருப்ப அந்த வாசல்ல போடாதீக தாயி,” என்றாள்.

பூட்டுகிற நேரம்

சுப்புத்தாய் அந்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. பிறகு அவள் வரவே இல்லை. மகள் இல்லாத இடத்துக்கு எதற்கு வரவேண்டும் என்று நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலைப் பார்ப்பது நிற்கவில்லை.

செருப்பு போனதில் அண்ணாச்சிக்கு நிம்மதிதான், மறைக்கத் தெரியாத மனுஷர். அட்டையையும் எடுத்துவிடலாமே என்றார். மாட்டேன் என்றேன். சுவரில் மகேஸ்வரி என்ற பெயரும், கீழே வெறும் தரையும் இருக்கும். பார்க்கிறவர்கள் இங்கே என்ன இருந்தது என்று கேட்பார்கள். சில நாள் சொல்வேன், சில நாள் முடியாது.

சாயங்காலம் அஞ்சு மணி ஆனால் எனக்கு இருப்புக்கொள்ளாது. அந்த ஊக்கு வைத்த செருப்பு இந்நேரம் ஏதோ ஒரு ரூம் வாசலில் கிடக்கும், அதை எடுக்க அந்தப் பெண் வெளியே வந்திருக்க வேண்டும் என்று மனசு கணக்குப் போடும். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. தெரியாதது நல்லது என்று சில சமயம் தோன்றும். பேப்பரில் விபத்துச் செய்தி வந்தால் பெயர்களைப் படிக்காமல் பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.

பஞ்சவர்ணம் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஒரு ஆள்கூட வராத நாளிலும், பூட்டுவதற்கு முன் அந்த ரூமை நாலு பக்கமும் சுற்றி வந்து, படியைக் குனிந்து பார்ப்பாள். அவள் சொல்லும் வரை நான் சாவியைக் கையில் எடுக்க மாட்டேன்.

“ஒரு செருப்பும் கெடக்கலக்கா. எல்லாரும் போயிட்டாக, பூட்டிருவோம்.”